ஆராய்ச்சி இதழ்களில் மூணாறு

மூணாற்றுக்குச் செல்லும் வழியை எவரிடமும் கேட்கலாம். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறலாம், உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாகப் போகலாம், மேற்கேயிருந்து வருவோர்க்குக் கோதமங்கலம், அடிமாலி வழியுண்டு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடத்தை அடைந்துவிட்டால் ஊர் வந்துவிட்டது என்று பொருள். ஆனால், இம்மலையைப் பற்றி இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் எழுதி வைத்திருப்பவற்றை நாடிச் செல்லும் வழி அத்துணை எளிதன்று. அது பம்பாய்க்கும் லண்டனுக்கும் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் சுற்றிச் சுற்றிச் செல்வது. அவ்வழி உண்டான வரலாற்றையே இப்பேச்சில் கூற எண்ணுகிறோம்.

புதிதாகக் கண்டறிந்த செய்தி எதுவும் முதலில் நூலாக வருவதில்லை, கட்டுரையாகவே வருகிறது. 1665-ஆம் ஆண்டில் பாரிசில் ஓர் இதழும், அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியைச் சார்ந்து மற்றோர் இதழும் தோன்றின. அறிஞர் ஒருவர் மற்றவர்க்குக் கடிதம் எழுதித் தம் கண்டுபிடிப்பை அறிவித்துவந்த வழக்கம் அன்று முதல் அச்சேறிப் பொதுவுடைமையாயிற்று. நம் நாட்டில் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகம் 1788-ஆம் ஆண்டில் தன் ஆராய்ச்சித் தொகுதியை வெளியிடத் தொடங்கியது. சென்னையில் 1833-ஆம் ஆண்டிலிருந்து இலக்கியத்துக்கும் விஞ்ஞானத்துக்குமாக ஓர் இதழ் நடந்தது. தமிழில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் 'செந்தமிழ்' இதழை 1902-ஆம் ஆண்டில் தொடங்கினர்.

இவ்வெளியீடுகளுக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்பது எம்போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு நெடுநாளைய சங்கடம். 'சஞ்சிகை' என்றனர் சிலர். 'தாளிகை' என்றனர் வேறு சிலர். 'பருவ வெளியீடு' என்பது அலுவலகக் கோப்புகளில் வழங்குகிறது. 'பத்திரிகை' என்று எழுதிவிட்டாலோ காலையில் வாசலில் விழும் செய்தித்தாளோடு கலந்துவிடும். 'ஆய்விதழ்' என்பது இக்காலத்தில் நிலைபெற்றுவிட்ட சொல். அதனையே நாமும் ஆள்கிறோம்.

நூலுக்கும் ஆய்விதழ்க் கட்டுரைக்கும் உள்ள வேறுபாடு நூலகத்தில் நுழைந்ததும் புலப்படும். நூலின் பெயர் அதன் முதுகில் பொறிக்கப்பட்டுள்ளது. அட்டவணைப் பெட்டியில் அதற்கென ஓர் அட்டையும் உண்டு. கட்டுரைக்கு அந்தப் பேறு இல்லை. முப்பது நாற்பது கட்டுரைகளைச் சேர்த்துத் தைத்த தொகுதியின் முதுகில் இதழின் பெயரும் தொகுதி எண்ணும் ஆண்டும் மட்டுமே இருக்கும். உள்ளே மூணாற்றைப் பற்றிய செய்தி இருக்கிறதா, இல்லையா என்பதை அந்த முதுகு சொல்லாது.

மூணாற்றைப் பற்றி அவ்வாறு என்னதான் எழுதப்பட்டுள்ளது என்று நேயர்கள் கேட்கலாம். திருவாங்கூர், கொச்சி நாடுகளை 1816 முதல் 1820 வரை அளந்த வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகளின் குறிப்பேடு இம்மலைகளையும் தொட்டுச் செல்கிறது. டக்ளஸ் ஹாமில்டன் என்னும் சென்னைப் படையதிகாரி 1862-ஆம் ஆண்டில் ஆனைமுடியின் உச்சியை அடைந்தார். பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். மூன்றாண்டுகளுக்குப் பின் இம்மலைகளைப் பற்றிச் சிறு நூல் ஒன்றும் எழுதினார். அதற்குப் பின் காடழித்துத் தோட்டம் போட வந்த துரைமார்களுள் வேட்டை விருப்பம் உடையோர் பலர். அவர்களுக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஒரு புகலிடமாயிற்று. எட்டுப் பேர் கூடி 1883-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கழகம் 1886-ஆம் ஆண்டு முதல் தன் இதழை வெளியிட்டு வருகிறது. மூணாற்றின் விலங்கும் பறவையும் பூவும் பெருமளவுக்கு அவ்விதழின் தொகுதிகளுக்குள்ளேதான் இருக்கின்றன. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933-ஆம் ஆண்டில் மறையூர், மூணாறு முதலிய இடங்களில் தங்கிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். திருவாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றிய அவருடைய நெடுங்கட்டுரை அவ்விதழில்தான் பகுதி பகுதியாக வெளிவந்தது.

இனி, தேடுவோன் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாட்டுக்கு வருவோம். 'மூணாறு' என்ற பெயரைக் கொண்டு தேடினால் மேற்கூறியவற்றுள் பெரும்பகுதி கைக்கு அகப்படாது. காரணம், எழுதியவர்கள் இவ்வூரை அப்பெயரால் அழைக்கவில்லை. அவர்களுக்கு இது 'ஹை ரேஞ்சு', அதாவது உயர்மலைத் தொடர். சிலர்க்கு ஆனைமலையின் தென்கோடி. சிலர்க்கு ஏலமலையின் வடகோடி. இன்னும் சிலர்க்கு வட திருவாங்கூர். தேவிகுளம் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில் 'தேவிகோலம்' என்று நிற்கிறது. இடுக்கி மாவட்டம் அமைந்ததே 1972-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாளில்தான். அதற்கு முந்திய அறிக்கைகளில் இடுக்கி என்று தேடுவோன் வெறுங்கையோடு திரும்புவான். அவன் கோட்டயம் மாவட்டத்தில் தேட வேண்டும். அதற்கும் முன்னால் சென்றால் திருவாங்கூர் சமஸ்தானத்தில் தேட வேண்டும்.

விலங்கின் பெயரோ இதனினும் விந்தையானது. இரவிகுளத்துப் பாறைகளில் மேயும் வரையாட்டை எடுத்துக்கொள்வோம். வேட்டைக்கு வந்த துரைமார் இதனை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்றனர். முதிர்ந்த கடாவின் முதுகில் வெண்மை படர்வதைக் கண்டு 'சேணமுதுகன்' என்றும் பெயரிட்டனர். ஓகில்பி என்பார் லண்டன் விலங்கியல் கழகத்தில் இதற்கு 'கீமாஸ் ஹைலோக்ரியஸ்' என்று பெயர் சூட்டினார். 1842-ஆம் ஆண்டில் கிரே என்னும் அறிஞர் இட்ட பெயர் 'காப்ரா வாரியாட்டோ'. இந்த 'வாரியாட்டோ' நம் 'வரையாடு'தான்! மலைவாணர் வாயில் வழங்கிய தமிழ்ச்சொல் லண்டனுக்குச் சென்று லத்தீன் உடை பூண்டுவிட்டது. அவ்வுடை நிலைக்கவில்லை, 'ஹெமிட்ராகஸ் ஹைலோக்ரியஸ்' என்ற பெயரே நெடுங்காலம் ஆட்சியில் இருந்தது. 1969-ஆம் ஆண்டில் இங்கு வந்து ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் 1970-இல் பம்பாய்க் கழக இதழில் எழுதிய கட்டுரையும், தாவிதார் 1978-இல் எழுதிய கணக்கெடுப்பும் அப்பெயரிலேயே உள்ளன. 2005-ஆம் ஆண்டில் மரபணு ஆராய்ச்சியின் முடிவாக இவ்விலங்குக்கென்றே 'நீல்கிரிட்ராகஸ்' என்னும் தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. ஆகவே, இன்றைய மாணவன் இன்றைய பெயரை மட்டும் அறிந்து தேடினால், இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆவதற்குத் துணைநின்ற எழுத்துகள் அவன் கண்ணில் படமாட்டா. ஆடு ஒன்றே, ஏடுகளில் அது ஐந்தாறு விலங்குகளாக நடமாடுகிறது.

மக்களின் பெயரும் இவ்விதமே சிதறிக் கிடக்கிறது. முதுவர் என்னும் மலைமக்களைப் பற்றித் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் விரிவான குறிப்பு ஒன்று உண்டு. அதனை எழுதி அனுப்பியவர் இம்மலையில் வாழ்ந்த ஆய்ல்மர் மார்ட்டின் என்பவர். அங்கே முதுவர், முதுகர் என்று இரு வடிவங்கள் காணப்படுகின்றன. பின்வந்தோர் முதுவான் என்று எழுதினர். மூன்றையும் அறிந்தவனுக்கே மூன்று இடங்களும் திறக்கும்.

தோட்டத் தொழிலாளரைப் பற்றிச் சொல்லுமிடத்துச் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிகளோடு மலையேறியவர்களின் மக்களே இன்றும் இங்குத் தேயிலை பறிக்கின்றனர். தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமாகிய உபாசி 1893-ஆம் ஆண்டில் தோன்றியது. 'பிளாண்டர்ஸ் கிரானிக்கிள்' என்பது அதன் இதழ். தொழிலாளரைப் பற்றி அறிய விரும்புவோன் அதனைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஆனால், அங்கே அவன் காண்பது ஆள் திரட்டுதல், முன்பணம், கூலி விகிதம் என்னும் தலைப்புகளையே. ஒரு பேரன் தன் பாட்டியைத் தேடிக்கொண்டு அந்தத் தொகுதிகளுக்குள் நுழைந்தால், 'ஆள் வரத்து' என்னும் கணக்கில் ஓர் எண்ணாகவே அவளைக் காண்பான். அந்த எண்ணும் வேண்டியதுதான். எந்த ஆண்டில் எத்தனை பேர் வந்தனர், என்ன கூலி பெற்றனர் என்பதை அறிய வேறு சான்று அரிது. எனினும், எத்தலைப்பில் தேடுவது என்பதைத் தீர்மானிப்பவர் தேடப்படுபவர் அல்லர்; எழுதியவரே என்பதை நூலகத்தில் நுழையும் எந்த மாணவனும் அறிந்திருத்தல் நலம்.

இது பழங்காலத்தோடு முடிந்த கதையன்று. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைப் பெண்கள் தாமே திரண்டு ஊதியத்துக்கும் போனசுக்கும் போராடியதை நாடே கண்டது. 'பொம்பளை ஒருமை' என்ற அவர்களுடைய பெயர் ஆங்கிலக் கட்டுரைகளில் பொம்பிளை, பெம்பிளை, பெண்பிளை என்று மூன்று நான்கு வகையாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றைக் கொண்டு தேடினால் மற்றவை வருவதில்லை.

இத்தகைய பெயர்க்குழப்பத்தைத் தீர்க்க வேண்டியது யார் பொறுப்பு? தேடுவோன் பொறுப்பு என்றே உலகம் நெடுங்காலம் கருதியிருந்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1800 முதல் 1900 வரை வெளிவந்த விஞ்ஞானக் கட்டுரைகளுக்கு அட்டவணை தயாரிக்க முற்பட்டது. 1867-இல் தொடங்கி 1925 வரை பத்தொன்பது பெருந்தொகுதிகள் வெளிவந்தன. அத்துணை உழைப்பும் ஆசிரியர் பெயர் வரிசையில் அமைந்தது. எழுதியவர் பெயர் தெரிந்தால்தான் கட்டுரை கிடைக்கும். வரையாட்டைப் பற்றி எழுதியவர் யாவர் என்று அறியாதவனுக்கு அது பெரிதும் பயன்படாது.

நூலகமே இப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்று வாதாடி, அதற்கு வழியும் வகுத்தவர் நம்மவர் ஒருவர். 1892-ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஏற்ற சில நாட்களிலேயே, வாசகர் அருகிய அக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல், மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினாராம். இங்கிலாந்துக்குச் சென்று பயின்று வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பல்கலைக் கழகத்தார் அனுப்பிவைத்தனர். குராய்டன் நகர நூலகத்தின் தலைவர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு நல்லாசிரியராக வாய்த்தார். லண்டன் கடை ஒன்றில், துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு எந்த உருவத்தையும் அமைக்கும் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். ஒரே துண்டுகளை வெவ்வேறாகப் பூட்டி வெவ்வேறு பொம்மை செய்யலாமாயின், ஒரு பொருளின் கூறுகளை வெவ்வேறாகப் பூட்டி எந்தக் கட்டுரைக்கும் ஓர் எண் அமைக்கலாம் அன்றோ? இவ்வெண்ணத்திலிருந்து பிறந்த 'கோலன்' வகைப்பாடு 1933-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

இதனை மூணாற்றைக் கொண்டே விளக்கலாம். வரையாட்டைப் பற்றிய கட்டுரையை அரங்கநாதனின் முறைப்படி பிரித்தால், எவ்வுயிர், அதன் எந்தச் செயல், எவ்விடம், எக்காலம் என்று தனித்தனி முகங்கள் கிடைக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண். ஆசிரியர் 'ஐபெக்ஸ்' என்று எழுதினால் என்ன, 'தார்' என்று எழுதினால் என்ன, அவ்வுயிரின் எண் ஒன்றே. 'ஹை ரேஞ்சு' என்றாலும் 'தேவிகோலம்' என்றாலும் இடத்தின் எண் மாறுவதில்லை. எண்ணை அறியாத வாசகன் தனக்குத் தெரிந்த பெயரோடு வருவானே என்றால், அவனை அப்பெயரிலிருந்து எண்ணுக்கு அழைத்துச் செல்ல அகரவரிசையில் தனி அடைவு உண்டு. அதிலுள்ள ஓர் அட்டை, 'நீலகிரி ஐபெக்ஸ்: வரையாடு என்பதைக் காண்க' என்று கைகாட்டும். இக்கைகாட்டி அட்டையை எழுதுபவர் பெயர் எங்கும் வெளிப்படுவதில்லை. ஆயினும், ஒரு மாணவனின் மூன்று மாத அலைச்சலை அவர் மிச்சப்படுத்துகிறார். 1931-இல் அரங்கநாதன் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது வாசகரின் காலத்தைப் பற்றியதே.

சென்னையில் அவர் செய்த வேறொரு வேலையைப் பற்றிப் பொதுமக்கள் பெரும்பாலும் அறிவதில்லை. நூல் ஒருமுறை வந்தால் வந்ததுதான்; இதழோ ஆண்டு முழுதும் வந்துகொண்டே இருக்க வேண்டும். கப்பலில் வரும் இதழ் ஒன்று தவறிவிட்டால், உரிய காலத்தில் எழுதிக் கேட்டால்தான் மறுபடி கிடைக்கும். காலம் தாழ்த்தினால் படிகள் தீர்ந்துவிடும். இதற்காக அரங்கநாதன் மூன்று அட்டை முறையை வகுத்தார். இதழ் ஒவ்வொன்றுக்கும் மூன்று அட்டைகள். முதல் அட்டையில் வந்து சேர்ந்த இதழெல்லாம் பதிவாகும். இரண்டாவது அட்டை, அடுத்த இதழ் எந்த வாரத்தில் வர வேண்டுமோ அந்த வாரத்தின் பின்னால் நிற்கும். வாரம் கழிந்தும் அட்டை அங்கேயே நின்றால் இதழ் வரவில்லை என்று பொருள், உடனே கடிதம் போகும். மூன்றாவது அட்டை பொருள் வரிசையில் நின்று, இத்துறையில் எத்தனை இதழ்கள் உள்ளன, எந்தத் தொகுதி முதல் உள்ளன என்பதைக் காட்டும். எளிய ஏற்பாடுதான். எனினும், இவ்வேற்பாட்டால்தான் தொகுதிகள் இடையறாமல் நின்றன.

இடையறாமை ஏன் வேண்டும் என்பதற்கு மூணாற்றிலேயே ஒரு சான்று பூக்கிறது. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலர்ந்து மடிவது. ஓர் இயற்கை ஆராய்ச்சியாளர் தம் வாழ்நாளில் நான்கைந்து பூப்பைக் கண்டால் பெரிது. ஆதலின், பன்னிரண்டு என்னும் கணக்கை ஒருவர் கண்ணால் கண்டு உறுதிசெய்ய இயலாது; பலர் பல ஆண்டுகளில் எழுதியவற்றை அடுக்கிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். 1934-ஆம் ஆண்டுப் பூப்பைப் பற்றி ராபின்சன் என்பவர் எழுதிய கட்டுரை பம்பாய்க் கழக இதழின் 38-ஆம் தொகுதியில் உள்ளது. அதற்குப் பின் 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று பூப்புகள் தொடர்ந்தன. அடுத்தது 2030-இல் வரவேண்டும். இவ்வரிசையில் ஏதேனும் ஓராண்டுக்குரிய தொகுதி நூலகத்தில் இல்லையாயின் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிடும். இச்செடியும் ஏடுகளில் 'பிளெபோபில்லம்' என்ற பழம்பெயரையும் 'ஸ்ட்ரோபிலாந்தஸ்' என்ற பிற்காலப் பெயரையும் தாங்கி நிற்பது என்பதைச் சொல்லாமல் விடலாகாது.

நாடு விடுதலை பெற்றபின், எந்த நூலகத்தில் எந்த இதழ் உள்ளது என்பதை ஒரே இடத்தில் காட்டும் கூட்டு அட்டவணை தேவைப்பட்டது. தெற்காசிய நூலகங்களிலுள்ள ஆய்விதழ்களுக்கு அரங்கநாதனும் அவருடன் உழைத்தோரும் தயாரித்த கூட்டு அட்டவணையின் முதல் தொகுதி 1953-இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில், யுனெஸ்கோவின் துணையோடு டில்லியில் 'இன்ஸ்டாக்' என்னும் விஞ்ஞான ஆவண நிலையம் தொடங்கப்பட்டது. கட்டுரையின் விவரத்தை எழுதியனுப்பினால் அது இருக்குமிடத்தைக் கண்டு படியெடுத்து அனுப்புவது அதன் பணிகளுள் ஒன்று. ருஷ்ய, ஜெர்மன், ஜப்பானியக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருவதும் அதன் பணியாக இருந்தது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் ஆய்விதழ் உலகில் இடம்பெற்ற ஓர் அத்தியாயம் அது என்பதால் இதனைச் சற்றே பெருமையுடன் குறிப்பிடுகிறோம். அந்நிலையம் 2002-இல் வேறொரு நிலையத்தோடு இணைந்து புதுப்பெயர் பெற்றது. 2021-இல் மீண்டும் ஓர் இணைப்பு நிகழ்ந்து பெயரும் மாறியது.

இத்தனை ஏற்பாடும் மூணாற்று மாணவனுக்கு எட்டியதா? ஐம்பதுகளில் தேவிகுளத்திலிருந்து ஓர் இளைஞன் இதழ் ஒன்றைப் பார்க்க விரும்பினால், மலையிறங்கிப் போடியில் ரயிலேறி மதுரை சென்று, அங்கிருந்து சென்னைக்கு ஓரிரவு பயணம் செய்ய வேண்டும். சென்னையில் பல்கலைக் கழக நூலகமும், 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் உண்டு. மாநிலச் சீரமைப்பு 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதன் நன்மை தீமையை இங்கு ஆராயப் புகவில்லை. நூலகத்தைப் பொறுத்தமட்டில் அதனால் நேர்ந்தது இது: இவ்வட்டாரத்தின் பல்கலைக் கழகம் திருவனந்தபுரத்தில் இருந்தது, 1983-இல் கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக் கழகம் தோன்றியபின் அது அங்கே மாறியது. தமிழ் இதழ்களோ சென்னையிலும், 1966-இல் பல்கலைக் கழகம் பெற்ற மதுரையிலும் இருந்தன. வீட்டில் தமிழ் பேசி, மலையாள ஆட்சியில் வாழ்ந்து, தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய மாணவன் மூன்று திசைக்கும் ஓட வேண்டியவனானான். மூன்று ஆறு கூடும் ஊர் என்பது அவன் திறத்தில் வேறு பொருள் தந்தது.

இன்று ஓட்டம் குறைந்திருக்கிறது. பல்கலைக் கழக நூலகங்களை இணைக்கும் 'இன்ப்ளிப்நெட்' 1991-இல் பல்கலைக் கழக மானியக் குழுவால் அமைக்கப்பட்டது. இந்நாட்டுப் பல்கலைக் கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அதன் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. பம்பாய்க் கழக இதழின் பழந்தொகுதிகளை 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' என்னும் பன்னாட்டு மின்னூலகம் படமெடுத்து வைத்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இசைவு தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவது அதன் நோக்கம். மூணாற்றிலுள்ள அரசுக் கலைக் கல்லூரி போன்ற சிறு கல்லூரிகளுக்கு இது பெருவரம் ஆகலாம். ஆனால், கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே தன் ஊர் வரலாற்றை எழுத விரும்பும் ஒருவனுக்கு இக்கதவு திறக்கவில்லை. அவன் நிறுவனம் எதையும் சார்ந்தவன் அல்லன்.

இதனை ஒரு சிறு குறையாக நாம் கருதவில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 பேர் மாண்டனர். மழையின் அளவு, மண்ணின் இயல்பு, சரிவின் பாதை ஆகியவற்றை ஆராய்ந்து பின்னர்க் கட்டுரைகள் வெளிவந்தன. அவ்வாராய்ச்சியின் பொருள் யாருடைய உற்றாரோ, அவர்களே அதனைப் படிக்க ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கடவுச்சொல் வேண்டும் என்பது பொருந்துமாறில்லை. மாறான எடுத்துக்காட்டும் உண்டு. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த ஜெயசீலன் ராஜ் அத்தோட்டங்களின் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய மானிடவியல் நூலை லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியின் பதிப்பகம் 2022-இல் வெளியிட்டது. அதனை எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றி இறக்கிப் படிக்கலாம். தோட்டத்து லயத்தில் அலைபேசியிலும் படிக்கலாம்.

கதவு திறந்தபின்னும் பெயர்த் தொல்லை தீர்ந்துவிடவில்லை. மின்னூலகத்தின் தேடற்பெட்டி அரங்கநாதனின் அட்டையைப் போலக் கைகாட்டுவதில்லை. நாம் இட்ட எழுத்துகளையே பெரும்பாலும் தேடித் தருகிறது. ஆகவே, மூணாற்றைத் தேடுவோர் 'ஹை ரேஞ்சு', 'கண்ணன் தேவன்', 'தேவிகோலம்', 'ஏலமலை' ஆகிய பெயர்களையும் ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க வேண்டும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிச் செல்வதே பழுத்த ஆராய்ச்சியாளர்களும் கையாளும் வழி. ஷாலரின் கட்டுரையிலிருந்து பழைய வேட்டைக் குறிப்புகளுக்கு அவ்வாறு போய்ச் சேரலாம்.

தமிழ் இதழ்களைப் பொறுத்தவரை அந்த வசதியும் குறைவு. ஆங்கில இதழ்களுக்கு உள்ளது போன்ற விரிந்த கட்டுரை அடைவு நம் மொழிக்கு இன்னும் அமையவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. அத்தொகுப்பு இல்லையேல் எத்தனையோ தமிழ் இதழ்களின் பெயரே மறைந்திருக்கும். அங்கும் ஏனைய நூலகங்களிலும் உள்ள தமிழ் இதழ்களில் மூணாற்றைப் பற்றியும் தேயிலைத் தொழிலாளரைப் பற்றியும் என்னென்ன வெளிவந்துள்ளன என்பதைப் பக்கம் பக்கமாகப் புரட்டியே காண வேண்டும். புரட்டுவோர் கையோடு ஒரு சிறு அட்டையும் வைத்துக்கொள்ளட்டும்: கட்டுரையின் பெயர், எழுதியவர், இதழ், தொகுதி, ஆண்டு, பக்கம். அட்டையின் மேல்மூலையில், ஏட்டில் அவ்வூர் எப்பெயரால் குறிக்கப்பட்டிருந்ததோ அப்பெயரையும், ஊரார் வழங்கும் பெயரையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.